பத்தாம் நம்பர் சாதனம்

கண்டக்டர் வீட்டு டாய்லெட் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு உடைந்தது. நேரம் இவ்வளவு கச்சிதமாகத் தெரியக் காரணம், ஆறு நாற்பதுக்கு அவருடைய முதல் பஸ். இருபத்திரண்டு வருஷமாக அந்த மனிதர் ஆறு பத்துக்கு உட்காருவார், ஆறு பதினெட்டுக்கு எழுந்துவிடுவார். அன்றைக்கு உட்கார்ந்த கையோடு 'டக்' என்று ஒரு சத்தம். எழுந்து திரும்பிப் பார்த்தார். பீங்கானின் வலது பக்கத்தில் மேலிருந்து அடிவரை ஒரு கோடு ஓடியிருந்தது. நாம் ஒன்றும் அவ்வளவு கனமில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அடுத்து அவர் செய்த தப்பு, வழக்கம்போலத் தண்ணீரைத் திறந்துவிட்டது.

"யோவ்!" என்று கீழ்வீட்டிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. கீழ்வீட்டில் இருந்தவர் ஒரு டிரைவர். அவருக்கும் ஆறு நாற்பதுக்கே பஸ், அவரும் அதே நேரத்தில் கீழே அதே இடத்தில்தான் இருந்தார். அதற்கப்புறம் பல நாள் அவர் குடை பிடித்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் போனார் என்பதைச் சொல்லிவிட்டால் மேலே விவரிக்கத் தேவையில்லை.

உடைந்தால் என்ன, கடைக்குப் போய் ஒன்று வாங்கி வைத்தால் தீர்ந்தது என்று நீங்களும் நானும் நினைப்போம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. அது போக்குவரத்துக் கழகத்தின் குடியிருப்பு. அங்கே ஆணி அடிப்பதற்குக்கூட ஒரு பிரிவு உண்டு. போன வருஷம் ஒரு மெக்கானிக், ஒழுகுகிற குழாயைத் தானே மாற்றிவிட்டார். 'கழகத்தின் குழாய்மீது நம்பிக்கையின்மை தெரிவித்தார்' என்று எழுதி, குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்ய வைத்துவிட்டார்கள். டாய்லெட்டை மாற்றும் உரிமை உபகரண மாற்றுப் பிரிவுக்கு மட்டும்தான். நல்லவேளையாக அந்தப் பிரிவு, அதே வளாகத்தில், கண்டக்டர் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. அதாவது, நல்லவேளை என்று கண்டக்டர் நினைத்தார்.

கண்டக்டருக்கும் அவர் மனைவிக்கும் அவசரமில்லை. அவருக்கு டிப்போ இருந்தது, அவளுக்கு அவள் டைப் அடிக்கிற வக்கீல் ஆபீஸ் இருந்தது. அவசரம் மாமனாருக்கு. மனைவியின் அப்பா, நாற்பது வருஷம் தபால்காரராக மாடி ஏறி மாடி இறங்கி இரண்டு முட்டியையும் தேய்த்துவிட்டு, இப்போது ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். இனிமேல் குந்தி உட்காரவே கூடாது, உயரமான டாய்லெட்டில் உட்கார்ந்து எழுந்தால்தான் முட்டி பிழைக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் குடியிருப்பில் மற்ற எல்லா வீட்டிலும் இருப்பது குந்துகிற வகை. உட்காருகிற வகை இருந்த ஒரே வீடு கண்டக்டருடையது. அதுதான் 'டக்' என்றது.

ஆஸ்பத்திரியில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். மாமனார் அதைப் பார்த்த பார்வையில் நர்ஸே அதைப் போர்வையால் மூடிவிட்டாள்.

"மாப்ள, நான் வீட்டுக்கு வந்துடறேன். இங்க இன்னும் ஆறு வாரம் படுத்தா, முட்டி சரியாகும், மண்ட கழண்டுடும்" என்றார் மாமனார்.

"பன்னெண்டு நாள்ல டிஸ்சார்ஜ் மாமா. அதுக்குள்ள புதுசு வச்சிடறேன். நீங்க கவலையே படாதீங்க" என்று கண்டக்டர் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கு அவர் தொண்டையில் அன்றிலிருந்தே மாட்டிக்கொண்டது.

மறுநாளே ஒரு வேளை லீவு போட்டுவிட்டு உபகரண மாற்றுப் பிரிவுக்குப் போனார். கவுன்ட்டரில் ஒரு எழுத்தர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சீவிய பென்சில்கள் பதினேழு, முனை ஒரே பக்கம் பார்க்கும்படி வரிசையாகக் கிடந்தன.

"சார், டாய்லெட் மாத்தணும்."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு அருவருப்பு. "அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க. பெரிய மனுஷங்க வந்து போற இடம். அமர்வுச் சாதனம்னு சொல்லுங்க."

"சரிங்க. அமர்வுச் சாதனம் உடைஞ்சிடுச்சு."

"உடைஞ்சிடுச்சுன்னு நீங்க சொல்றீங்க. சாதனம் என்ன சொல்லுது?"

கண்டக்டர் திருதிருவென விழித்தார். "அது 'டக்'னு சொல்லுச்சு சார்."

எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டு பதினான்கு பக்க விண்ணப்பம் ஒன்றை நீட்டினார். கண்டக்டர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பப் பார்த்தார். சாதனத்தைக் கடைசியாக மனநிறைவோடு பயன்படுத்திய நாள் எது? மனநிறைவுக்குக் காரணம் சாதனமா, பயன்படுத்தியவரா? பாட்டுப் பாடும் பழக்கம் உண்டா? உண்டென்றால் பாட்டின் அதிர்வால் விரிசல் ஏற்படவில்லை என்று உறுதி கூறுக. இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் கண்டக்டர் நின்றுவிட்டார்.

"சார், இங்க 'சம்பவத்தின்போது உடனிருந்த சாட்சிகள் இருவர்'னு கேட்டிருக்கே."

"ஆமா."

"அந்த நேரத்துல யாருங்க சார் கூட இருப்பாங்க?"

எழுத்தர் பென்சிலைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தி மிகவும் பரிவோடு கேட்டார். "ஏன், குடும்பத்துல ஒத்துமை இல்லையா?"

கடைசியில் கீழ்வீட்டு டிரைவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சம்பவம் நடந்தபோது அதற்கு மிக அருகில், நேர் கீழே இருந்தவர் என்ற தகுதியில் அவரை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது சாட்சியாக அவருடைய குடையைப் போடலாமா என்று எழுத்தர் கொஞ்ச நேரம் யோசித்து, மேலிடத்தில் கேட்டு, கடைசியில் போட்டுக்கொண்டார்.

ஆய்வாளர் வர ஆறு நாள் ஆனது. எதிர்க்கட்டடத்திலிருந்து நடந்து வர மூன்று நிமிஷம்தான். அந்த மூன்று நிமிஷத்துக்குப் பயண அனுமதி வாங்கத்தான் ஆறு நாள். வந்தவர் கையில் டேப்பு, டார்ச் லைட்டு, பூதக்கண்ணாடி எல்லாம் இருந்தன. டாய்லெட் அறைக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றிவைத்தார். உள்ளே போய் விரிசல் கோட்டை மூன்று தடவை அளந்தார். காதை வைத்துக் கேட்டார். அப்புறம் கண்டக்டரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார்.

"குடிக்கவா சார்?"

"சாதனத்துக்கு."

தண்ணீரை ஊற்றினார். அது சிறிது நேரம் யோசித்துவிட்டு, கோடு வழியாகக் கீழே போனது. கீழேயிருந்து "யோவ்!" என்று குரல் வந்தது.

ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. குறிப்பேட்டை எடுத்து, எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். "நீர் ஊற்றப்பட்டது. நீர் வெளியேறியது. சாதனம் நல்ல முறையில் வேலை செய்கிறது."

"சார்! அது தப்பான பக்கம் வெளியேறுது சார்!" கண்டக்டருக்குக் குரலே உடைந்துவிட்டது.

"தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு விதியில இல்லீங்க. போகணும், அவ்வளவுதான். எங்கிட்ட ஒரே கட்டம்தான் இருக்கு: 'போகிறதா, போகவில்லையா?' போகுதுன்னு உங்க கண்ணாலயே பாத்தீங்கல்ல?"

"கீழ ஒருத்தர் நனையறார் சார்."

"நனைஞ்சவர் தனியா விண்ணப்பிக்கணும். அது ஈரப் பிரிவு."

ஆனாலும் ஆய்வாளர் நல்ல மனிதர். விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யவில்லை, மேல்பரிசீலனைக்கு அனுப்பினார். அனுப்பும்போது சாட்சியம் கலையக்கூடாது என்று அறைக் கதவைச் சாத்தி, நாடா கட்டி, சிவப்பு அரக்கு உருக்கி முத்திரை வைத்துவிட்டுப் போனார். முத்திரையை உடைத்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டும் ஒட்டினார். கண்டக்டர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உடைந்த டாய்லெட்டாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

பதினோராம் நாள் இயக்குநரிடமிருந்து அழைப்பு வந்தது. 'தேர்வுக்கு வரவும். தளர்வான உடை விரும்பத்தக்கது.'

மறுநாள் மாமனாருக்கு டிஸ்சார்ஜ். கண்டக்டர் ஓட்டமும் நடையுமாகப் போனார். மாதிரிக்கூடம் என்று அதற்குப் பெயர். சக்கரம் வைத்த பெட்டிகள் வருவதற்காக வாசலில் சாய்தளம் போட்டிருந்தார்கள். உள்ளே ஒன்பது மேடைகள், ஒன்பது மேடைகளிலும் ஒன்பது புத்தம்புது டாய்லெட்டுகள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புக் கயிறு, மேலே தனி விளக்கு. கண்டக்டருக்குப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இதில் ஏதாவது ஒன்று போதும், கடவுளே, எதுவானாலும் போதும்.

இயக்குநர் வந்தார். கனத்த உடம்பு, கனத்த குரல். கண்டக்டர் ஒரே ஆள் என்றாலும் அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதுபோலத்தான் பேசினார்.

"உலகத்துல எல்லா மனுஷனும் நிக்கும்போது ஒரே மாதிரிதான் இருக்கான். உக்காரும்போதுதான் அவன் யாருன்னு தெரியுது. அதனாலதான் இந்தப் பிரிவு எதுக்கும் அவசரப்படறதில்ல. பதினோரு வருஷமா நான் இங்க இருக்கேன். எங்க பிரிவு குடுத்த சாதனத்துல ஒரு கீறல் உண்டா? கிடையாது. ஒரு கசிவு? கிடையாது. ஒரே ஒரு புகார்? கிடையவே கிடையாது!"

"ரொம்ப சந்தோஷம் சார். இதுவரைக்கும் எத்தன பேருக்கு மாத்திக் குடுத்திருக்கீங்க?"

"அங்கதான் வர்றேன். யாருக்கும் குடுக்கல. குடுத்தாத்தானே கீறல் விழும்?"

ஆய்வாளரும் எழுத்தரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

அப்புறம் தேர்வு நடந்தது. ஒன்பது டாய்லெட்டில் ஒவ்வொன்றிலும் கண்டக்டர் ஏழு நிமிஷம் அசையாமல் உட்கார வேண்டும். ஆய்வாளர் கடிகாரத்தோடு நின்றார், எழுத்தர் நோட்டோடு நின்றார், இயக்குநர் எதிரே நாற்காலி போட்டு அமர்ந்து முகத்தை உற்றுப் பார்த்தார். இங்கே கண்டக்டருடைய தொழில் அவரைக் கவிழ்த்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக நின்றே பழகிய மனிதர் அவர். உட்கார்ந்திருக்கும்போது எதிரே யாராவது நின்றால் அவரால் தாங்க முடியாது. ஆய்வாளர் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து "நீங்க உக்காருங்க சார்" என்று இடம் விட்டார். மூன்றாம் டாய்லெட்டில் ஒரு தடவை, நான்காவதில் இரண்டு தடவை. ஆறாவதில் எழுத்தரையே கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

'அமர்வு நிதானம் போதாது' என்று எழுதினார்கள்.

"இப்படி எழுந்துக்கிட்டே இருக்கிறவருக்கு சாதனம் எதுக்கு?" என்று இயக்குநர் நியாயமாகவே கேட்டார்.

"எனக்கு இல்ல சார், என் மாமனாருக்கு. முட்டி ஆபரேஷன். நாளைக்கு வர்றார்."

"அப்ப அவரத்தானே சோதிக்கணும்? அவர் தனி விண்ணப்பம் போடட்டும். பதினாலு பக்கம்தான்."

கண்டக்டருக்குத் தலை சுற்றியது. பார்வையைத் திருப்பியவர் கண்ணில், கூடத்தின் கோடியில் '10' என்று எழுதிய மூடிய கதவு ஒன்று பட்டது.

"அது என்ன சார்?"

இயக்குநரின் முகம் கனிந்தது. "அது ஒப்பீட்டுச் சாதனம். இந்த ஒன்பதும் தரமா இல்லையான்னு அதோட ஒப்பிட்டுத்தான் முடிவு பண்ணுவோம். இந்தக் கட்டடத்துலயே தண்ணி இணைப்பு இருக்கிறது அது ஒண்ணுக்குத்தான். அதத் தினமும் நானே நேரடியா சோதிக்கிறேன்."

"தினமுமா சார்?"

"ஒம்பதரைக்கு ஒரு தடவ. சாயங்காலம் ஒரு தடவ. வேலைன்னு வந்துட்டா நான் என்னப் பத்திக் கவலப்படறதில்ல."

கண்டக்டர் தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னார். அவள் கோபப்படவில்லை, அழவில்லை. "அந்த விண்ணப்பத்தக் கொண்டாங்க" என்றாள். பதினெட்டு வருஷமாக ஒப்பந்தங்களையும் நோட்டீஸ்களையும் டைப் அடிப்பவள் அவள். எழுத்து எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு ஆர்வமாகப் படிப்பாள். பதினான்காம் பக்கத்தின் பின்புறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்னங்க, இந்த நாப்பத்தோராம் விதியப் படிச்சீங்களா?"

"அங்க எழுத்து இருக்கிறதே இப்பத்தான் தெரியுது."

அவள் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். "விண்ணப்பதாரரும் அவரது குடும்பத்தாரும், தேர்வு முடியும் வரை, ஒப்பீட்டுச் சாதனம் உட்பட எல்லாச் சாதனங்களையும், முழுமையாகவும், எத்தனை முறை வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். சோதனையில் இருப்பவரை எக்காரணம் கொண்டும் இடையூறு செய்யக்கூடாது." காகிதத்தை மடித்தாள். "நாளைக்கு அப்பாவ ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா அங்கதான் கூட்டிட்டுப் போறோம்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியை இரவல் வாங்கி மாமனாரைக் கிளப்பினார்கள். வண்டியில் வரும்போது கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மாமனார் வேண்டாம் என்று தள்ளினார். உதடு காய்ந்து கிடந்தது.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து அவர் ஒண்ணுமே குடிக்கல. உளர்ற மாதிரி பேசுறாரேன்னு நர்ஸ் சொல்லித்தான் தெரியும்" என்று மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"ஏன் மாமா?"

மாமனார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்ல இன்னும் வைக்கலன்னு கேள்விப்பட்டேன். குடிச்சா போகணும். போனா உனக்குத்தானே மாப்ள கஷ்டம்?"

ஊரில் எல்லாருக்கும் வீடு தேடிக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த மனிதர், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறார். அதற்குக் காரணம் பதினேழு பென்சிலும் ஒரு அரக்கு முத்திரையும். அதுவரை அந்தப் பிரிவின் மேல் பயம் மட்டும் இருந்த கண்டக்டருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "குடிங்க மாமா. பாட்டில் பூராவும் குடிங்க. இடம் இருக்கு" என்றார்.

சரியாக ஒன்பது மணிக்கு, சக்கர நாற்காலி சாய்தளத்தில் ஏறி மாதிரிக்கூடத்துக்குள் வந்தது. மாமனார் மடியில் துண்டு, அதன்மேல் அன்றைய பேப்பர். எழுத்தர் வாயைத் திறக்கும் முன் மனைவி நாற்பத்தோராம் விதியை அவர் முன்னால் வைத்தாள். எழுத்தர் படித்தார். பின்பக்கம் திருப்பினார். விதி அங்கேயும் மாறவில்லை.

மாமனார் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து எழுந்து பத்தாம் நம்பருக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. முழுமையான சோதனை என்றால் முழுமையான சோதனைதான். ஒன்பதரைக்கு இயக்குநர் விறுவிறுவென்று வந்து கதவைப் பிடித்து இழுத்தார்.

"உள்ள யாரு?"

"சோதனை நடக்குதுங்க சார்" என்றாள் மனைவி. "இடையூறு பண்ணக்கூடாது."

"இது... இது என்னோட..."

"ஒப்பீட்டுச் சாதனம். நீங்கதான் சொன்னீங்களாம்."

நேரத்தையும் கருத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. எழுத்தர் கதவருகே போய்க் குனிந்து, "ஐயா, கருத்து?" என்று கேட்டார்.

"இப்பத்தான்யா ஆரம்பிச்சிருக்கேன். அவசரப்படாத" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஐம்பத்திரண்டு நிமிஷம் கழித்து மாமனார் வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "சாதனம் நல்லாருக்கு. ஆனா ஒரு நாள் பாத்து முடிவு பண்ணிட முடியாது. நாளைக்கும் வர்றேன். சாயங்காலமும் ஒரு தடவ பாக்கணும், வெளிச்சம் எப்படின்னு" என்றார்.

மூன்றாம் நாள் கீழ்வீட்டு டிரைவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தோடு வந்தார். குடும்பம் ஐந்து பேர். ஐந்தாம் நாள் குழாய் மாற்றி வீடு இழந்த மெக்கானிக்கின் தம்பி, அவரும் மெக்கானிக்தான், குடும்பத்தோடு வந்தார். பதினோரு வருஷமாக இந்தக் குடியிருப்பில் உடையாத டாய்லெட் எது? அடைபடாதது எது? எல்லார் வீட்டிலும் ஒரு கோடு இருந்தது. எட்டாம் நாள் காலை நாற்பத்தொரு குடும்பங்கள் துண்டும் சொம்புமாக மாதிரிக்கூடத்தில் நின்றன.

கூட்டத்தைப் பார்த்தால் கண்டக்டருக்குக் கை சும்மா இருக்குமா? தோள்பையிலிருந்து விசிலை எடுத்தார். "உள்ள போங்க, உள்ள போங்க! வாசல்ல நிக்காதீங்க. முன்னாடி எவ்வளவு இடம் இருக்கு! குழந்தைங்கள முதல்ல விடுங்க. வெளிய வர்றவங்களுக்கு வழி விடுங்கப்பா!" ஆளுக்கொரு டோக்கன் கிழித்துக் கொடுத்தார். பதினோரு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் ஒரு வேலை ஒழுங்காக நடந்தது அன்றைக்குத்தான்.

இயக்குநர் மெலிந்துபோனார். ஒன்பதரைக்கும் சாயங்காலமும் அவர் வளாகத்தைத் தாண்டி டிப்போவுக்கு ஓடுவதைப் பலர் பார்த்தார்கள். அங்கே இருந்தது குந்துகிற வகை. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை நினைத்தால் எதிரிக்கும் இரக்கம் வரும்.

ஒன்பதாம் நாள் அவர் கண்டக்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"தம்பி, தேர்வ முடிச்சிடுங்களேன். ஒன்பதுல ஏதாவது ஒண்ணு. எது வேணா எடுத்துக்குங்க."

"அப்ப நாலாம் நம்பர் குடுங்க சார். இன்னிக்கே தூக்கிட்டுப் போயிடறேன்."

இயக்குநர் மேஜையைப் பார்த்தார். ஆய்வாளர் கூரையைப் பார்த்தார். எழுத்தர்தான் உண்மையைச் சொன்னார். "அது அட்டைங்க. ஒன்பதும் அட்ட மாவுல செஞ்சு பெயிண்ட் அடிச்சது. உக்காரத்தான் தாங்கும், தண்ணி பட்டா கரைஞ்சிடும். நிஜ சாதனம் வாங்கணும்னா, எது நல்லதுன்னு முதல்ல யாராவது தேர்வு பண்ணணும். இதுவரைக்கும் யாருக்கும் நிதானம் போதல."

கண்டக்டர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதிரே ஆய்வாளரும் எழுத்தரும் நின்றும் அவர் எழவில்லை.

அப்போதுதான் இயக்குநரின் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. அவருடைய பிரிவில் மட்டுமே உதிக்கக்கூடிய யோசனை அது. எழுந்து நின்று, கையை உயர்த்தி, பழைய குரலில் முழங்கினார். "இவ்வளவு கூட்டம் எதனால? பத்தாம் நம்பர் இங்க இருக்கிறதனால. அது இங்க இல்லன்னா? சோதன இல்ல. சோதன இல்லன்னா கூட்டம் இல்ல. விண்ணப்பதாரர் பத்தாம் நம்பரத் தேர்வு செய்ததா எழுதுங்க. உடனே இவர் வீட்ல கொண்டுபோய் வைங்க. எல்லாருடைய வாயும் அடைஞ்சிடும்!"

"சார்..." என்று எழுத்தர் ஏதோ சொல்ல வந்தார்.

"முடிவெடுத்தாச்சு!"

நாற்பத்தொரு குடும்பங்களுக்கு வேறென்ன வேண்டும்? மெக்கானிக்கின் தம்பி ஸ்பேனரோடு பாய்ந்தார். டிரைவர் ஒரு பக்கம், இயக்குநரே ஒரு பக்கம் பிடிக்க, பத்தாம் நம்பர் கட்டடத்தை விட்டுக் கிளம்பியது. ஆய்வாளர் கையாலேயே அரக்கு முத்திரை உடைந்தது. பழசைப் பெயர்த்துப் புதியதைப் பதித்து, தண்ணீர் திறந்து பார்க்க நாற்பது நிமிஷம் ஆனது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே காது கொடுத்தார்கள். "யோவ்" வரவில்லை. கைதட்டல்தான் வந்தது. விரிசல் விட்ட பழைய பீங்கானை ஆய்வாளர் மாதிரிக்கூடத்துக்குக் கொண்டுபோய், பத்தாவது மேடை கட்டி, சிவப்புக் கயிறு சுற்றி வைத்தார்.

அன்று மாமனார் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு, "மாப்ள, சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட" என்றார்.

மறுநாள் கண்டக்டருக்கு வார விடுமுறை. காலை ஒன்பதரை இருக்கும், அழைப்பு மணி அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. கதவைத் திறந்தால் இயக்குநர் கையில் கோப்போடு, ஒரு காலில் நின்று, உடனே மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"நிறுவிய பின் ஆய்வு. அவசரம்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏன் சார், உங்க ஆபீஸ்ல?"

"எங்களுக்கு வேணும்னா நாங்களும் விண்ணப்பிக்கணுமாம். பதினாலு பக்கம். விண்ணப்பிச்சாலும் ஒப்பீட்டுச் சாதனத்தோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் குடுக்கணும்." அவர் குரல் கம்மியது. "அது உங்க வீட்ல இருக்கு."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாட்சி ரெண்டு பேர் வேணுமே சார்?"

"கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்மா." இயக்குநர் விலகி நின்றார். அவருக்குப் பின்னால் ஆய்வாளரும் எழுத்தரும் நின்றார்கள். அவர்களும் கால் மாற்றிக்கொண்டுதான் நின்றார்கள். எழுத்தர் பென்சிலைக் கடித்து இரண்டாக்கியிருந்தார்.

கண்டக்டருக்குப் பாவமாகத்தான் இருந்தது. திரும்பி, சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். உள்ளே பேப்பர் புரளும் சத்தம் நிதானமாகக் கேட்டது.

"மாமா, ரொம்ப நேரம் ஆகுமா?"

"நடுப்பக்கம்தான் மாப்ள வந்திருக்கேன்."

கண்டக்டர் மறுபடி வாசலுக்கு வந்தார். மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக வாயில் இருக்கிற வாக்கியம், தானாகவே வந்தது.

"இடம் இல்ல சார். அடுத்த வண்டில வாங்க."